வைகாசியில் பொன்னாகும் காடு

ஒக்ரோபர் பிறந்தால் ரொறன்ரோவில் இருக்கும் சொந்தங்களிடமிருந்து வட்சப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். அல்கொன்குயின் பூங்காவில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். அல்பேர்ட்டாப் பக்கம் குடியேறியவர்கள் மலைச்சரிவில் அஸ்பன் மரங்கள் மஞ்சளாய்ப் பற்றி எரிவதை அனுப்புவார்கள். ஒன்ராறியோவில் எந்தப் பூங்காவில் இலை எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று பூங்கா நிர்வாகமே இணையத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துச் சனம் விடுப்பெடுக்கிறது, அறை பதிகிறது, பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு விடியப் புறப்படுகிறது. ஒரு மரத்தின் நிறத்தைக் காண இவ்வளவு ஆயத்தம் செய்கிறார்களே என்று எனக்கு அந்தப் படங்களைவிட அந்த ஆயத்தமே பிடித்துப்போகும்.

அதே ஒக்ரோபரில் வன்னியில் நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஐப்பசி மழை இறங்கினால்தான் காலபோகம். உழவு இயந்திரம் வயலில் இறங்கும், குளங்கள் ஏறத் தொடங்கும், காடு ஒரே கரும்பச்சையாகிவிடும். வன்னிக் காட்டின் பொன் நிறத்தைத் தேட அது நேரமே இல்லை. எங்கள் பொன் அதற்கு ஐந்து மாதம் முந்தியது. சித்திரை பிற்பகுதியில் தொடங்கி வைகாசி முழுக்க, மழை நின்று மண் வெடித்துக் கிடக்கும் காலத்தில், கொன்றை பூக்கும்போது அது வருகிறது. வெளிநாட்டுச் சொந்தங்கள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி, ஆவணியில்தான் வருகிறார்கள். அவர்கள் வந்திறங்கும்போது கொன்றை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஊரிலேயே இருக்கும் நாங்களோ ஏ9 வீதியில் பஸ் யன்னலுக்குள்ளால் அதைக் கண்டும் காணாமலும் போகிறோம். கொன்றையைப் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் வைக்கலாம், வைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இலையின் பொன்னும் பூவின் பொன்னும்

அஸ்பன் மரத்தின் மஞ்சள் புதிதாக வருவதன்று. கோடை முழுக்க அது இலைக்குள்ளேயே இருக்கிறது, பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பகல் குறுகி இரவுக் குளிர் கூடும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகினதும் கரோட்டின் வகை மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. பனிக்காலத்துக்குள் இலை உதிர்ந்துவிடும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘பாண்டோ’ என்று பெயர் வைத்த அஸ்பன் தோப்பு ஒன்று சுமார் 43 ஹெக்டேயரில் பரந்திருக்கிறது. ஏறக்குறைய 47,000 அடிமரங்கள் நிற்கும் அந்தத் தோப்பு முழுவதும் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளம்பிய ஒரே உயிர். இலையுதிர் காலத்தில் அவ்வளவும் மஞ்சளாகும். அஸ்பன் இலையின் காம்பு தட்டையானது என்பதால் சிறு காற்றுக்கும் இலை நடுங்கும். எங்கள் கோயில் வாசல் அரசமரத்து இலை நடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அசைவு புதிதாக இராது.

வன்னிக் காடு வேறு வழியில் வாழ்கிறது. இங்கே மரத்துக்கு நெருக்கடி குளிரால் வருவதில்லை, வறட்சியால் வருகிறது. மழையின் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து சனவரி வரை கொட்டிவிடும். பிறகு சித்திரையில் இடியோடு வரும் சில மழைகளை விட்டால், புரட்டாதி வரை நீண்ட வெயில். அந்த வெயிலைத் தாங்க மரங்கள் இரண்டு வழி கண்டுபிடித்திருக்கின்றன. பாலை, வீரை, கருங்காலி போன்றவை தடித்த சிறு இலைகளோடு ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். கொன்றை, தேக்கு, அரசு போன்றவை இலையைக் கொட்டி நீரைக் காக்கும். தேக்கின் அகன்ற இலைகள் துருநிறமாகிச் சருகாய்க் குவியும் நாட்களில் தேக்கந்தோட்டத்துக்குள் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கேட்கும். மேலைநாட்டு இலையுதிர் காலத்துக்கு மிக நெருங்கிய காட்சி எங்களிடம் அதுதான்.

கொன்றை இலையை இழந்ததோடு நிற்பதில்லை. பழைய இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, மண்ணில் ஈரமே இல்லாதபோது, கிளைக்குக் கிளை முழ நீளத்துக்குச் சரங்களைத் தொங்கவிடுகிறது. பூவோடு சேர்ந்தே இளந்தளிரும் வரும். ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து இதழ், பத்து மகரந்தத்தாள். அவற்றில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே நிற்கும். பூவில் தேன் கிடையாது, வண்டுக்கு மகரந்தமே கூலி. மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உலுப்பி எடுக்கும். பூத்த கொன்றையின் கீழே காலையில் அமைதியாய் நின்றால் அந்த ரீங்காரம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருக்கும். அஸ்பனின் பொன் மரம் உறங்கப்போகும் நேரத்து நிறம். கொன்றையின் பொன்னோ மரம் விழித்தெழும் நேரத்து நிறம். சுற்றிலும் பாலையும் வீரையும் கரும்பச்சையாய் நிற்க, நடுவில் ஒற்றை மரமாய் அது எழும்பும். தோப்புத் தோப்பாய் மஞ்சளை எதிர்பார்த்து வருபவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: வன்னியில் கொன்றை கூட்டமாய்க் கிடைக்காது. ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று என்று தேடித் தேடிப் பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

வீதியோரம் நட்டு வளர்த்த வேறு மஞ்சள் பூ மரங்களைக் கொன்றை என்று நினைத்துவிடுவதும் உண்டு. பூங்கொத்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் அது வேறு மரம். சரமாய்த் தலைகீழாகத் தொங்கினால் கொன்றை. போன வருடத்துக் கரிய நீண்ட காய்கள் சில இன்னும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தால் ஐயமே வேண்டாம்.

நாள் குறிப்பது எப்படி?

திகதி போட்டுக் கொன்றைக்குப் பயணம் வைக்க முடியாது. ஒரு வருடம் சித்திரையிலேயே முந்திக்கொள்ளும், மறுவருடம் வைகாசி பாதியிலும் மொட்டோடு நிற்கும். ஒரே வீதியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று பூத்து முடிய மற்றது தொடங்கும். இந்தக் குழப்பம் எங்கள் காலத்துக்கு மட்டும் உரியதன்று. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், தலைவன் கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். கொன்றை பூத்துவிட்டது, அவனைக் காணவில்லை. தோழி தலைவியைத் தேற்றுவதற்காக, பருவம் அல்லாத மழையைக் கார் என்று எண்ணி ஏமாந்து பூத்த அறியா மரங்கள் இவை என்கிறாள். தோழி அன்பினால் சொன்ன பொய் அது. ஆனாலும் கொன்றை நாள் தவறிப் பூக்கும் என்பதை அறிந்த ஊரில்தான் அப்படி ஒரு பொய் எடுபடும். சங்கப் பாட்டில் கொன்றை முல்லை நிலத்துக்கும் கார்காலத்துக்கும் உரியது. எங்கள் வன்னியிலோ அது கடும் வெயிலில் பூக்கிறது. மரம் ஒன்றுதான், மழையின் நாட்காட்டி நிலத்துக்கு நிலம் வேறு.

நெடுங்கேணிப் பக்கத்தில் மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் எப்போது வந்தால் நிறையப் பூப் பார்க்கலாம் என்று கேட்டேன். “பிள்ளை, நாளைப் பாத்து வராதேங்கோ, காத்தைப் பாத்து வாங்கோ. சோளகம் எழும்பினால் பூவெல்லாம் நிலத்திலதான் கிடக்கும்” என்றார். தென்மேற்கிலிருந்து வறட்சியாய் வீசும் அந்தக் காற்று வைகாசியில் எழும்பினால் புரட்டாதி வரை ஓயாது. காற்று மூர்க்கமாகுமுன், விடியற்காலையில், முதல் சரங்கள் கீழ்ப்பாதி வரை மலர்ந்திருக்கும்போது போய்விட வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்தப் பகுதியில் உள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவதுதான்.

இதையே கொஞ்சம் பெரிதாகவும் செய்யலாம். இந்தியாவில் ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தெரிந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதில் தளிர் இருக்கிறதா, மொட்டா, பூவா, காயா என்று பதிந்து வருகிறார்கள். அவர்கள் கவனிக்கும் மரங்களில் கொன்றையும் ஒன்று. விஷுவுக்குக் கணி வைக்கக் கொன்றைப்பூ வேண்டும் என்பதால் கேரளத்தில் அது முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதும் வீட்டுக்கு வீடு பேச்சு. வன்னியில் பாடசாலை முற்றங்களிலும் கோயில் வீதிகளிலும் கொன்றை நிற்கிறது. பிள்ளைகள் பதிவதைச் சேர்த்து ஆராய அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. மாங்குளத்துப் பிள்ளை ஒன்று “எங்கட மரம் இன்றைக்குப் பூத்திட்டுது” என்று எழுதி வைக்க, அது பத்து வருடத்துக் கணக்காய்ச் சேர்ந்தால், மழை மாறுவதையும் வெயில் கூடுவதையும் அந்தக் கொப்பியே காட்டும். பயணிகளுக்கு அது நாள் சொல்லும், ஆராய்பவர்களுக்கு அதைவிடப் பெரிய விடயங்களைச் சொல்லும்.

உயரம் தேடி

பொன் மரங்களை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றால் மலை வேண்டும். வன்னியோ தட்டை நிலம். காட்டு வீதியில் நிற்பவருக்கு முன்னால் நிற்கும் நாலு மரங்கள்தான் தெரியும், அதற்கப்பால் காடு தன்னை மறைத்துக்கொள்ளும். இங்கே உயரம் தருபவை குளக்கட்டுகள். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, ஒட்டுசுட்டானுக்கு அருகே முத்தையன்கட்டு, மல்லாவிப் பக்கம் வவுனிக்குளம் என்று எந்தக் கட்டில் ஏறினாலும் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயலும் வாய்க்காலும், அவற்றுக்கப்பால் காட்டின் விளிம்பு. கட்டின் மேலே காலை நடை போனால், அந்த விளிம்பில் எங்கே மஞ்சள் தலை நீட்டுகிறது என்று கண் தானாகத் தேடத் தொடங்கிவிடும். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பயணிக்கும்போதே பார்க்க விரும்புபவர்கள் மாங்குளத்தில் ஏ9ஐ விட்டுத் திரும்பி ஏ34இல் முல்லைத்தீவு நோக்கிப் போகலாம். ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, முள்ளியவளை, தண்ணீரூற்று என்று மெதுவாய்ப் போகும் வீதி. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியில் போகாதீர்கள். மோட்டார் சைக்கிள் இதற்கு நல்லது.

மலையே ஏறவேண்டும் என்பவர்களுக்கு வவுனியா வடக்கில் ஒலுமடுவுக்கு அப்பால் வெடுக்குநாறி மலை இருக்கிறது. ஏ9இல் புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணிப் பக்கம் போகவேண்டும். காட்டின் நடுவே கிடக்கும் பெரும் பாறை மலை. உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர். மலைநாட்டுக்காரர் இதை மலை என்று ஒத்துக்கொள்வார்களோ தெரியாது, ஆனால் செங்குத்தான பாறையில் ஏறி மேலே நின்றால் காட்டின் முகடு கடலாய் விரிந்து கிடக்கும். தலையில் கொன்றை சூடியவன் என்று சைவம் பாடும் கடவுளை, கொன்றை பூக்கும் காலத்தில், காட்டின் மேலே நின்று கும்பிட வேறெங்கும் இப்படியோர் இடம் வன்னியில் எனக்குத் தெரியாது.

அந்த மலைக்குப் போகிறவர் அதன் அண்மைய வரலாற்றைத் தெரிந்துகொண்டே போகவேண்டும். தலைமுறைகளாக ஊரவர் வழிபட்டுவந்த அந்த இடத்தில் 2018 முதல் தொல்பொருள் திணைக்களத்தின் தடைகளும் நீதிமன்ற வழக்குகளும் தொடர்ந்தன. 2023 மார்ச்சில் அங்கிருந்த விக்கிரகங்கள் பெயர்த்து வீசப்பட்டிருந்தன. நீதிமன்றத்தின் அனுமதியோடு அவை மீண்டும் வைக்கப்பட்டன. 2024 சிவராத்திரி இரவில், மார்ச் 8ஆம் திகதி, வழிபடச் சென்றவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தனர். மார்ச் 19இல் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குடிக்கத் தண்ணீர்கூட மறுக்கப்பட்டதாகப் பக்தர்கள் குற்றம் சொன்ன இரவு அது. ஆகவே இதைச் சுற்றுலாத் தலம்போல் எண்ணிக்கொண்டு போகக்கூடாது. ஆலய நிர்வாகத்தினரிடம் முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில், ஊரவர் ஒருவர் வழிகாட்டப் போங்கள். சப்பாத்தைக் கழற்றவேண்டிய இடத்தில் கழற்றுங்கள். பாறையில் எழுத்துகள் இருக்கும் இடத்தைத் தொடவோ மிதிக்கவோ வேண்டாம். அந்த மலையை விட்டுக்கொடுக்காமல் நடந்து நடந்து காத்தவர்கள் ஒலுமடு, நெடுங்கேணிச் சனங்கள். நாங்கள் அவர்களுடைய விருந்தாளிகள்.

பாதையை விட்டு இறங்காதே

வன்னியில் பிறந்தவர்களுக்குக் காடு என்றால் பல நினைவுகள். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனம் இந்த மரங்களின் கீழேதான் தறப்பாள் கட்டிப் படுத்தது. 2008, 2009இல் போர் துரத்தக் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை இதே வீதிகளால்தான் பொருட்களைக் கட்டிக்கொண்டு நகர்ந்தோம். காட்டுக்குள் போவது என்றாலே எங்கள் வயதுக்காரர் பலருக்கு இன்றும் நெஞ்சு இறுகும். பூப் பார்க்கவும் அதே காட்டுக்குப் போகலாம் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது.

ஆனால் அச்சத்துக்குக் காரணம் முழுதாய்ப் போய்விடவில்லை. கண்ணிவெடி அகற்றும் பணி இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக நடந்து, பெரும்பாலான இடங்கள் துப்புரவாகிவிட்டன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. ஆயினும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் ஓர் அடியும் உள்ளே வைக்கக்கூடாது. பலகை இல்லை என்பதற்காகவும் மிதிபட்ட பாதையை விட்டு இறங்கக்கூடாது. நல்ல படம் எடுக்கப் பத்து அடி உள்ளே போகலாமே என்று தோன்றும். போகவேண்டாம். இனந்தெரியாத இரும்புத் துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

அடுத்தது யானை. வறட்சியில் குளங்களைத் தேடி வரும். பொழுதுபடுமுன் காட்டு வீதியை விட்டு வெளியேறிவிட வேண்டும், விடியற்காலையில் புகுமுன் ஊரவரிடம் கேட்க வேண்டும். கரடியும் இதே பருவத்தில்தான் நடமாடும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். பாறைகளில் பெருந்தேனீ கூடு வைத்திருக்கும், அங்கே சத்தமும் வேண்டாம், புகையும் வேண்டாம், வாசனைத் தைலமும் வேண்டாம். வறண்ட புல்லில் உண்ணி ஏறும் என்பதால் நீளக் காற்சட்டை போட்டுக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். ஒதுக்கக் காடுகளுக்குள் நுழைய வனவளத் திணைக்களத்தின் அனுமதி தேவை.

வெயில்தான் உண்மையில் பெரும்பாலானோரை வீழ்த்துவது. ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், உப்பும் தேசிக்காயும் போட்ட ஒரு போத்தல், இரவே கட்டிய குரக்கன் பிட்டு. வழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போகக்கூடிய காடு இது இல்லை. பொலித்தீன் பையை யானை தின்னும் என்பதால் கொண்டுபோன எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு வரவேண்டும். சருகு காய்ந்து கிடக்கும் மாதத்தில் அடுப்பு மூட்டுவதையும் சிகரெட் துண்டு எறிவதையும் நினைத்தும் பார்க்காதீர்கள்.

நடைக் காலம்

எங்கள் சனம் இந்தப் பருவத்தில் நடப்பது புதிதன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர் முல்லைத்தீவைக் கடப்பது இந்த வெயிலில்தான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். கடல்நீர் எடுத்து வந்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளையில் பொங்கும் அந்த நாட்களில் வன்னி வீதி எல்லாம் சனம். அறுவடை முடிந்திருக்கும், காட்டாறுகள் வற்றி வழி திறந்திருக்கும், நடப்பதற்கு வேறு காலம் எது? பொங்கலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முந்திப் புறப்பட்டால் கொன்றையையும் பார்த்துவிடலாம். தனியாய் ஒரு பயணத்துக்குப் பணம் புரட்ட முடியாத குடும்பங்களுக்கு இதுவே நல்ல வழி.

கொன்றை ஓயும் வேளையில் பாலை பழுக்கத் தொடங்கும். அதுவும் பொன் நிறம்தான். சின்னஞ்சிறு மஞ்சள் பழம், தின்றால் பாலில் உதடு ஒட்டும், ஆனாலும் விடமுடியாது. ஏ9 ஓரத்தில் குவித்து வைத்து விற்பார்கள். கரடி இந்தப் பருவத்தில் வெளியே வருவது இந்தப் பழத்துக்காகத்தான், மரத்திலும் ஏறும். என்னை வருத்துவது மனிதர் சிலர் பறிக்கும் விதம். ஏறிப் பறிக்கப் பஞ்சிப்பட்டுக் கிளையோடு வெட்டி விழுத்துகிறார்கள். பாலை மிக மெதுவாய் வளரும் மரம், வெட்டிய கிளையின் இடத்தை நிரப்ப நெடுங்காலம் எடுக்கும். கிளையோடு கிடக்கும் பழத்தை வாங்காமல் விடுவது நாங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது. முதிரைக்கும் பாலைக்கும் இரவில் வரும் லொறிகளை நிறுத்துவது அதிகாரிகளின் கையில் இருக்கிறது. இலங்கையில் காடு மிகுந்த மாவட்டங்களில் முல்லைத்தீவும் வவுனியாவும் இன்றும் முன்னுக்கு நிற்கின்றன என்றால், அதைக் கணக்கில் மட்டும் வைத்திருக்காமல் மரத்திலும் வைத்திருக்க வேண்டும்.

பயணம் போய் வந்தபிறகு செய்யவும் ஒன்று இருக்கிறது. கொன்றைக் காய் முற்றிக் கறுக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். காட்டில் அந்தக் காயைக் கரடியும் தின்னும், இனிப்பான கரும் சதைக்காகக் காயை உடைத்துத் தின்று, விதையை வேறிடத்தில் கழிக்கும். வீட்டில் அந்த வேலையை நாங்கள் செய்யவேண்டும். கோயில் வீதியிலோ பாடசாலை முற்றத்திலோ விழுந்து கிடக்கும் பழைய காய் ஒன்றை எடுத்து உடையுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு தட்டை விதை இருக்கும். தோல் மிகக் கடினம், அப்படியே நட்டால் நீர் உள்ளே போகாமல் நெடுநாள் கிடக்கும். அரத்தாளில் ஒரு பக்கத்தைத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, ஊதிப் பருத்தவற்றை மட்டும் பையில் மண் நிரப்பி நடுங்கள். ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குக் கன்று கைக்கு வரும். படலைக்கு வெளியே, வெயில் படும் இடமாய்ப் பார்த்து, ஆடு எட்டாதபடி முள் அடைத்து வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு வாளி தண்ணீர் போதும், பிறகு அது தன்பாட்டில் நிற்கும்.